முள்ளுக்கரண்டியும் போதும், கேக்கை அழகாக்க!

(தோட்டப் பெண்கள் சங்கக் கூட்டமொன்றில், பிள்ளைக் காம்பராவில் கேக் செய்து காட்டியபடி நாங்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டில் உலை வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீங்க. உங்களை நீண்ட நேரம் உட்கார வைக்க மாட்டோம். இன்றைக்கு நாங்கள் பேசப் போவது கேக்கின் மேல் பூசுகிற பட்டர் ஐசிங்கைப் பற்றி. "பிள்ளைங்களுக்குப் பால்மா வாங்கவே கஷ்டம், இதிலே கேக்குக்குப் பூச்சு வேறயா?" என்று யாரோ முணுமுணுக்கிறது கேட்குது. நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்க. பிறந்த நாள், பெரிய பிள்ளையான சடங்கு, கல்யாணம், நத்தார் என்று வருஷத்தில் ஒரு தடவையாவது நம்ம லயத்துக்கு டவுனிலிருந்து கேக் வராமல் இருக்கிறதா? கடன்பட்டாவது வாங்கிவிடுகிறோம். அந்தக் காசில் ஒரு பகுதியையாவது நம்ம வீட்டில் நிறுத்தலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

ஒரு தோட்டத்தில் ஒரு தகப்பன் தன் மகளின் பிறந்த நாளுக்கு டவுனில் கேக் ஒன்றுக்கு ஓர்டர் கொடுத்திருந்தார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பான வெள்ளை ஐசிங், மேலே ரோசாப் பூக்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தார். நம்ம தோட்டத்து ரோடு எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தில் ஓட்டோ விழுந்து எழும்பியதில், ஐசிங் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டது. பூவெல்லாம் நசுங்கி, ஒரு பக்கம் கேக்கே தெரிந்தது. பிள்ளை அழவில்லை. தகப்பனின் முகத்தைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் சம்பளத்துக்கு மேலே கொடுத்து வாங்கியது அது.

நாங்கள் கத்தியை எடுத்து அதை மறுபடியும் வழுவழுப்பாக்கப் பார்த்தோம். தடவத் தடவ கேக் துகள்கள் கலந்து இன்னும் அசிங்கமாகிப் போனது. அப்போது அந்த வீட்டுப் பாட்டி, "ஏன் அதைப் போட்டு இழுத்துக்கிட்டு இருக்கீங்க? எல்லாத்தையும் ஒரே மாதிரி கீறி விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். நசுங்கிய பூக்களை வழித்தெடுத்து, குழிகளை அதாலேயே நிரப்பினோம். பிறகு ஒரு முள்ளுக்கரண்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து, சுற்றிவர அலை அலையாகக் கோடு இழுத்தோம். பத்து நிமிஷ வேலை. வந்தவர்கள் எல்லாம், "கேக் புது மாதிரியா இருக்கே, எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றுதான் கேட்டாங்க.

அன்றைக்குப் பாட்டியிடம் நாங்கள் படித்த பாடத்தைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறோம். வழுவழுப்பான ஐசிங்குக்கு விலையான சாமான் வேண்டும், நீண்ட நாள் பழக்கமும் வேண்டும். சின்ன ஒரு கீறல் விழுந்தாலும் எடுத்துக் காட்டும். கோடும் அலையும் உள்ள ஐசிங்குக்கு வீட்டிலுள்ள கரண்டியே போதும். கேக் கொஞ்சம் சரிந்திருந்தாலும் மறைத்துவிடும். தோட்டத்து ரோட்டையும் ஓரளவு தாங்கும்.

ஐசிங் பதம்

கோலம் போடுவதற்கு முன் மாவு சரியாக இருக்க வேண்டும் இல்லையா? அதுபோல ஐசிங்கின் பதம்தான் முதல் வேலை.

எட்டு அங்குல வட்டக் கேக் ஒன்றுக்கு 250 கிராம் பட்டர், 500 கிராம் ஐசிங் சீனி, ஒரு தேக்கரண்டி வெனிலா, ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி பால் எடுத்துக்கொள்ளுங்க. பட்டருக்கு இரண்டு பங்கு சீனி என்று மனதில் வைத்தால் போதும். பட்டர் விலை கட்டுப்படியாகாவிட்டால் பாதி பட்டர், பாதி மாஜரின் போடலாம். ருசி கொஞ்சம் குறையும், ஆனால் மாஜரின் கலந்த ஐசிங் சூட்டில் சீக்கிரம் உருகாது. மாஜரினில் உப்பு இருக்கும் என்பதால் வேறு உப்புப் போடாதீங்க.

இதிலே நம்ம மலைநாட்டுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கொழும்பில் எழுதுகிற சமையல் புத்தகங்களில் "ஐசிங்கைப் பிரிட்ஜில் வைத்து இறுக விடவும்" என்று போட்டிருப்பாங்க. அங்கே வெயிலுக்குப் பட்டர் தானாக உருகும். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் காலையில் பட்டர் கல்லு மாதிரி இருக்கும். அதை அப்படியே அடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். ஆகவே பட்டர் போட்ட சட்டியை இளஞ்சூட்டு வெந்நீர் உள்ள தாச்சியின் மேல் கொஞ்ச நேரம் வையுங்க. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் எண்ணெய் பிரியக் கூடாது. உருகிப் போன பட்டர் திரும்ப இறுகினாலும் பழைய மாதிரி நுரைத்து வராது. இரத்தினபுரி, காலி, களுத்துறைப் பக்கம் உள்ள தோட்டங்களில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே காலை வெள்ளென அல்லது இருட்டிய பிறகு வேலையை வைத்துக்கொள்ளுங்க.

பட்டரை மட்டும் முதலில் வெளுத்து வருகிற வரைக்கும் அடிக்க வேண்டும். மரக்கரண்டியால் அடித்தால் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். வீட்டில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் அடித்தால் கை நோகாது. ஐசிங் சீனியை இரண்டு தடவை அரித்துக்கொள்ளுங்க. பனியில் சீனி ஈரம் பிடித்துக் கட்டியாகும், அந்தக் கட்டிதான் பிறகு முள்ளுக்கரண்டியில் மாட்டிக்கொண்டு கோட்டைக் கெடுக்கும். சீனியை மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போட்டு அடியுங்க. பாலைக் கடைசியில், சொட்டுச் சொட்டாக விடுங்க.

பதம் பார்ப்பது எப்படி? கரண்டியைச் சட்டியில் முக்கி நேரே மேலே தூக்குங்க. ஐசிங் முனை கூராக எழுந்து, நுனி மட்டும் லேசாக வளைந்தால் பதம் சரி. முனை படுத்துவிட்டால் இளகிப் போச்சு. இரண்டு கரண்டி சீனி போடுங்க, அல்லது சட்டியைக் குளிரான இடத்தில் பத்து நிமிஷம் வையுங்க. முனை உடைந்து வெடித்தால் இறுகிப் போச்சு; ஒரு தேக்கரண்டி பால் விடுங்க.

பச்சை முட்டை வெள்ளைக்கருவை ஐசிங்கில் அடித்துச் சேர்க்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் சாப்பிடுகிற கேக்கில் அது வேண்டாம். பச்சை முட்டையால் வயிற்றுக் கோளாறு வரலாம்.

முதல் பூச்சு மெல்லிசு, இரண்டாவது தடிப்பு

கேக் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து இளஞ்சூடு தெரிந்தாலும் பொறுங்க. மேடாக எழும்பியிருந்தால் மேற்பக்கத்தை வெட்டி மட்டமாக்குங்க. தேயிலைச் செடிக்கு மட்டம் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. கேக்குக்கு மட்டம் பார்க்க நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் கொஞ்சம் ஐசிங்கை எடுத்து, கேக் தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சுற்றிவரத் தடவுங்க. இது துகள்களைப் பிடித்து வைக்கிற பூச்சு. அரை மணி நேரம் குளிரான இடத்தில் வையுங்க. அதன் பிறகு இரண்டாவது பூச்சு. இது கால் அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் முள்ளுக்கரண்டி உள்ளே போய்க் கேக்கைக் கிண்டிவிடும். வழுவழுப்பாக்க மினக்கெட வேண்டாம், எல்லா இடமும் மூடியிருந்தால் போதும்.

கேக்கைச் சுழற்றுவதற்கு டவுனில் ஒரு சாமான் விற்கிறாங்க. அதற்குக் காசு செலவழிக்காதீங்க. பால்மா டின் ஒன்றில் கனத்துக்கு அரிசி நிரப்பி மூடி, அதன் நடுவில் கேக் தட்டை வையுங்க. ஒரு கையால் தட்டைச் சுற்றலாம், மறு கையால் வேலை செய்யலாம்.

வீட்டுச் சாமானில் ஆறு வகை

ஒன்று, கரண்டியின் முதுகு. மேசைக்கரண்டியின் பின்பக்கத்தை ஐசிங்கில் பதித்து, மேகம் மாதிரிச் சின்னச் சின்ன வளைவாக இழுத்து விடுங்க. ஒன்றன் பக்கத்தில் ஒன்று, ஒரே திசையில். பதித்தவுடன் நேரே மேலே தூக்கினால் கூரான முனைகள் எழும்பும். நத்தார் கேக்குக்குப் பனி விழுந்த மாதிரி இருக்கும். முதன்முதலாகச் செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்க.

இரண்டு, முள்ளுக்கரண்டி. கேக்கின் பக்கங்களில் கீழிருந்து மேலே நேர்கோடாக இழுக்கலாம். மேல்பக்கத்தில் அலையாக இழுக்கலாம். சதுரக் கேக் என்றால் ஒரு கட்டம் நெட்டாக, அடுத்த கட்டம் குறுக்காக இழுங்க. பாய் முடைந்த மாதிரித் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு கரண்டியை ஈரத்துணியில் துடைக்க மறக்காதீங்க. கோடு சுத்தமாக விழுவதற்கு அந்தத் துடைப்புத்தான் காரணம்.

மூன்று, மூடியில் வெட்டிய சீப்பு. ஐஸ்கிறீம் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கழுவி, ஒரு பக்கத்தை நேராக வெட்டி, அதிலே பல் பல்லாகக் கத்தரியுங்க. பல் ஒரே அளவாக இருக்கட்டும். சீப்பைக் கேக்கின் பக்கத்தில் லேசாகச் சாய்த்துப் பிடித்து, கையை அசைக்காமல் தட்டை மட்டும் சுற்றுங்க. கேக்கைச் சுற்றி வரி வரியாக விழும். தலை சீவுகிற சீப்பைக் கழுவிவிட்டுப் பாவிக்கலாமா என்று கேட்காதீங்க, வேண்டவே வேண்டாம்!

நாலு, நத்தைச் சுருள். கேக்கின் மேல் நடுவில் கரண்டி நுனியை வைத்து, தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கரண்டியை ஓரத்துக்குக் கொண்டு வாங்க. ஒரே சுற்றில் முடிகிற வேலை. நிறுத்தி நிறுத்திச் செய்தால் அடையாளம் விழும்.

ஐந்து, செதில். சுத்தமான பொலித்தீன் பையில் ஐசிங்கை நிரப்பி, ஒரு மூலையைச் சின்னதாக வெட்டுங்க. கேக்கின் பக்கத்தில் மேலிருந்து கீழே பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை வையுங்க. ஒவ்வொரு பொட்டையும் தேக்கரண்டியின் முதுகால் அழுத்தி வலப்பக்கம் இழுங்க. இழுத்த வாலின் மேல் அடுத்த வரிசைப் பொட்டு. சுற்றி முடிந்ததும் மீன் செதில் மாதிரி, பூவிதழ் மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பார்க்கிறவர்கள் அதிகமாக மெச்சுவதும் இதைத்தான்.

ஆறு, நம்ம கொழுந்து. இதற்கு ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பச்சை நிறம் கலந்த ஐசிங்கை நிரப்புங்க. நுனியைத் தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டினால் அம்பு முனை மாதிரி வரும். அதைக் கேக்கில் வைத்து அழுத்தினால் இலை அகலமாக விரியும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இழுத்தால் நுனி கூராகும். இரண்டு பக்கமும் இரண்டு இலை, நடுவில் மெல்லிசாக ஒரு மொட்டு. ரோசாப்பூ செய்யத்தான் பழக்கமும் விசேஷ முனையும் வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்து பார்க்கிற உங்களுக்கு இலை எப்படி வளையும், மொட்டு எங்கே நிற்கும் என்று யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி இப்படிக் கொழுந்து வைத்த கேக்கைச் செய்தபோது, பிள்ளைகள் எல்லாம் "எங்க அம்மா பறிக்கிற கொழுந்து!" என்று கத்தினாங்க. அந்தச் சந்தோஷத்தை டவுனில் விலைக்கு வாங்க முடியாது.

இவ்வளவும் முடியாதவர்கள், வறுத்து ஆறவைத்த உலர்ந்த தேங்காய்த் துருவலையோ, ஒன்றிரண்டாக இடித்த கச்சானையோ கேக்கின் பக்கங்களில் கையால் அப்பிவிடலாம். ஈரமான பச்சைத் தேங்காய் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். கச்சான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கேக் வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்க.

பிழைத்தால் பயப்பட வேண்டாம்

"பழகிப் பார்க்கிறதுக்குக் கேக்கும் ஐசிங்கும் வீணாகாதா?" என்று உங்களில் பலர் கேட்பீங்க. வீணாகாது. நன்றாகக் கழுவிய தகரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஐசிங்கைப் பூசிப் பழகுங்க. கோடு இழுங்க, அலை போடுங்க, பிடிக்காவிட்டால் வழித்துச் சட்டியில் போட்டு மறுபடியும் அடித்துக்கொள்ளுங்க. அதே ஐசிங்கைப் பல தடவை பாவிக்கலாம். கேக்கின் மேலே பிழைத்தாலும் அப்படித்தான். துகள் கலக்காத வரைக்கும் தடவி மூடிவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். நிறத்துக்குச் சாப்பாட்டுக்கென்று விற்கிற சாயம் மட்டும்தான். பெயரில்லாத பொட்டலத்தில் வருகிற தூள் வேண்டாம். சாயத்தை ஈர்க்கு நுனியால் தொட்டுத் தொட்டுச் சேருங்க, கொஞ்ச நேரம் போனால் நிறம் தானாகக் கூடும். அச்சடித்த பத்திரிகைக் கடதாசி ஐசிங்கில் படக் கூடாது. அலங்காரத்தைப் பிடித்து வைக்க ஊசி, கம்பி எதையும் குத்தாதீங்க, பிள்ளையின் வாய்க்குள் போய்விடும். ஐசிங் பூசிய கேக்கை மூடி, குளிரான இடத்தில் வைத்து மறுநாளைக்குள் சாப்பிட்டு முடியுங்க.

இன்னொன்று. நாங்கள் சொன்ன ஐசிங்கில் மூன்றில் இரண்டு பங்கு சீனி. சீனி வியாதி உள்ள பெரியவர்களுக்குப் பூசாத துண்டு ஒன்றை ஆசைக்குக் கொஞ்சமாகக் கொடுங்க. பிள்ளைகளுக்கும் விசேஷ நாளோடு நிறுத்துங்க, பல் கெட்டுவிடும்.

கைவேலைக்கும் விலை உண்டு

கடைசியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் இதைப் பழகிப் பக்கத்து லயத்துக்கும் கேக் செய்து கொடுப்பீங்க என்று எங்களுக்குத் தெரியும். அப்படிச் செய்தவர்களோடு நாங்கள் பேசியிருக்கிறோம். அநேகமாக எல்லாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறாங்க. மா, முட்டை, பட்டர், சீனி ஆகியவற்றின் விலையைக் கூட்டி, அதன் மேல் நூறு இருநூறு ரூபா வைத்துக் கொடுத்துவிடுறாங்க. கேஸ் எங்கே? பெட்டி எங்கே? டவுனுக்குப் போய்வந்த பஸ் காசு எங்கே? நாலு மணி நேரம் நின்று செய்த உங்கள் வேலைக்குக் கூலி எங்கே?

2022ஆம் ஆண்டு நினைவிருக்கும். கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அந்த வருஷத்தில் பழைய விலைக்கே ஓர்டர் ஏற்ற ஓர் அக்கா, தன் கைக்காசைப் போட்டுக் கேக் கொடுத்தார். சொன்ன சொல் மாறக் கூடாது என்று கொடுத்தார், ஆனால் அடுத்த கிழமை வீட்டுச் சாமானுக்குக் கடையில் கடன் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே ஒரு கொப்பி வையுங்க. ஒவ்வொரு கேக்குக்கும் வாங்கிய சாமான், கேஸ், பெட்டி, பஸ், கூலி என்று ஐந்து வரி எழுதுங்க. ஓர்டர் எடுக்கும்போதே பாதிக் காசை முற்பணமாக வாங்குங்க. சொந்தக்காரராக இருந்தாலும் வாங்குங்க. மலையில் ஒரு கிலோ கொழுந்து குறைத்து நிறுத்தால் சண்டை பிடிக்கிறோம் இல்லையா? நம்ம கூலியை நாமே குறைத்து நிறுக்கலாமா?

இப்போது பேச்சை நிறுத்துகிறோம். மேசையில் ஐசிங் இருக்கிறது, கவிழ்த்த தட்டு ஆறு இருக்கிறது, முள்ளுக்கரண்டி எல்லாருக்கும் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராக வாங்க. பின்வரிசைத் தம்பிமாரும் வரலாம், ஐசிங் அடிக்கிறதுக்குக் கை பலம் வேண்டும். முதல் கோடு கோணலாகத்தான் போகும், எங்களுக்கும் அப்படித்தான் போனது. வழித்துப் போட்டுவிட்டு அடுத்த கோட்டை இழுங்க.